பற்சிகிச்சை உதவியாளர் பயிற்சி: வாய்ப்பா, வெறும் சான்றிதழா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகின்ற ஒவ்வொரு தடவையும் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களிலும் நகரங்களின் மதிற்சுவர்களிலும் ஒரே வகையான அறிவித்தல்களைக் காணக்கூடியதாக உள்ளது. சில மாதங்களில் தாதி உதவியாளர், சில மாதங்களில் மருந்தக உதவியாளர், சில மாதங்களில் பற்சிகிச்சை உதவியாளர் என்ற பாணியில் அவை அமைந்திருக்கும். வெளிநாட்டு வேலைவாய்ப்பு பற்றிய வாக்குறுதியும் பெரிய எழுத்துகளில் சேர்க்கப்பட்டிருக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தொடர முடியாத பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர், இவ்விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைத்தாவது கட்டணத்தைச் செலுத்திவிடுகின்றனர்.

இத்தொழில் மதிப்பற்றது என்றோ, இதற்கான பயிற்சி தேவையற்றது என்றோ நாம் கூற வரவில்லை. உண்மை அதற்கு நேர்மாறானது. பல் வைத்தியரின் அருகில் நிற்கும் அந்த உதவியாளரின் அறிவிலும் ஒழுங்கிலுமே நோயாளியின் பாதுகாப்பில் பெரும்பகுதி தங்கியுள்ளது. ஆனால் அந்த அறிவை யார் வழங்குகின்றனர், அதனை யார் அங்கீகரிக்கின்றனர், தமிழ் பேசும் மக்களுக்கு அது எந்த மொழியில் கிடைக்கின்றது ஆகிய வினாக்கள் கேட்கப்படுவதில்லை. இவ்வினாக்களையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

யார் இந்த உதவியாளர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. பற்சுகாதாரத் துறையில் பல படிநிலைகள் உள்ளன. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று மருத்துவ சபையில் பதிவு செய்துகொண்ட பல் வைத்தியர் ஒருவர். அரசாங்கத்தினால் பயிற்றப்பட்டு, பாடசாலைகளில் அமைந்துள்ள சிகிச்சை நிலையங்களில் சிறுவர்களின் பற்களை அடைப்பதற்கும் பாற்பற்களைப் பிடுங்குவதற்கும் அதிகாரம் பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர் இன்னொருவர். மூன்றாமவரே பற்சிகிச்சை உதவியாளர். இவர் சிகிச்சை அளிப்பவர் அல்லர். சிகிச்சை அளிப்பவருக்குக் கைகொடுப்பவர்.

கைகொடுத்தல் என்றவுடன் அதனை வாயில் திறப்பது, பெயர் கூப்பிடுவது, கோப்பையில் நீர் நிரப்புவது என்ற அளவில் பலர் விளங்கிக் கொள்கின்றனர். சிகிச்சை நடைபெறும்போது எச்சிலையும் நீரையும் உறிஞ்சு குழாயினால் அகற்றுவது, வைத்தியர் கேட்பதற்கு முன்பே உரிய கருவியை அவரது கையில் வைப்பது, பற்காறையை உரிய விகிதத்தில் குழைப்பது, தாடை அச்செடுக்கும் பொருளை இறுகிவிடுவதற்கு முன் ஆயத்தம் செய்வது, நோயாளியின் பதிவேட்டைப் பிழையின்றி எழுதுவது ஆகியன அவரது அன்றாடப் பணிகள். பதிவேட்டில் 36 என்று எழுதினால் அது கீழ்த்தாடையின் இடப்புற முதலாவது கடைவாய்ப் பல்லைக் குறிக்கும். 46 என்று எழுதினால் அதே பல் வலப்புறத்தில் உள்ளது. ஓர் இலக்கம் மாறினால் நல்ல பல் பிடுங்கப்பட்டு, சூத்தைப் பல் வாயிலேயே எஞ்சிவிடும் அபாயம் உண்டு.

இவற்றைவிட முக்கியமானது கிருமியழிப்பு. பற்சிகிச்சைக் கருவிகள் ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குச் செல்பவை. அவற்றில் இரத்தம் படிந்திருக்கும். கொதிநீரில் போட்டெடுத்தால் போதும் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உள்ளது. கொதிநீர் எல்லா நுண்ணங்கி வித்திகளையும் அழிப்பதில்லை. அமுக்க நீராவியில், அதாவது ஓட்டோகிளேவ் எனப்படும் கருவியில், 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடங்கள் அல்லது 134 பாகையில் குறைந்தது 3 நிமிடங்கள் வைத்தெடுக்க வேண்டும். அதற்கு முன்னர் கருவிகளைக் கழுவி, இரத்தமும் அழுக்கும் நீக்கி, உலர்த்தி, பொதியிட வேண்டும். கழுவப்படாத கருவியை எவ்வளவு நேரம் வைத்தாலும் அது தூய்மையாவதில்லை. இந்த ஒழுங்கு முழுவதும் உதவியாளரின் பொறுப்பிலேயே நடைபெறுகின்றது. வைத்தியர் எத்துணை திறமைசாலியாக இருப்பினும், பின்னறையில் நடப்பதை அவர் ஒவ்வொரு தடவையும் பார்த்துக் கொண்டிருப்பதில்லை.

உதவியாளரின் சொந்தப் பாதுகாப்பும் இதனுடன் பிணைந்துள்ளது. தடுப்பூசி பெறாத ஒருவருக்கு, 'பி' வகை ஈரல் அழற்சி உடைய நோயாளியின் இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால், நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை எனக் கணிக்கப்பட்டுள்ளது. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இது ஆயிரத்துக்கு 3 என்ற அளவிலேயே உள்ளது. எனவே அஞ்ச வேண்டியது எதற்கு என்பது தெளிவு. 'பி' வகை ஈரல் அழற்சிக்கான தடுப்பூசியை ஆறு மாத காலத்தில் மூன்று தடவைகளாகப் பெற்றுக் கொள்ளலாம். பயிற்சி நெறி ஒன்றில் சேரும் பிள்ளைக்கு முதலாவது மாதத்திலேயே இது பற்றிக் கூறப்படுகின்றதா என்பதைக் கொண்டே அந்நெறியின் தரத்தை ஓரளவு மட்டிடலாம்.

வரலாறு கூறும் பாடம்

பற்சிகிச்சை உதவியாளர் என்ற தொழிலின் தொடக்கம் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகருடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. அங்கு எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் 1885 ஆம் ஆண்டளவில் தமது சிகிச்சை நிலையத்தில் பெண்ணொருவரை உதவிக்கு அமர்த்தினார். பெண்கள் துணையின்றிச் சிகிச்சைக்கு வருவதற்குத் தயங்கிய காலம் அது. உதவிக்குப் பெண் ஒருவர் இருக்கின்றார் என்ற அறிவித்தல் அத்தயக்கத்தைப் போக்கியது. நமது சமூகங்களிலும், குறிப்பாக முஸ்லிம் பெண்கள் மத்தியிலும் கிராமப்புறத் தமிழ்ப் பெண்கள் மத்தியிலும், இத்தயக்கம் முற்றாக நீங்கிவிட்டதெனக் கூறுவதற்கில்லை. சிகிச்சை அறையில் பெண் உதவியாளர் ஒருவர் இருப்பதே பலரைச் சிகிச்சைக்கு வரச் செய்கின்றது.

அதே கெல்ஸ் பற்களை எக்ஸ்-கதிர் மூலம் படம் பிடிப்பதில் முன்னோடியாகவும் விளங்கினார். கதிரின் தீங்கு அறியப்படாத அக்காலத்தில் தமது கைகளை மீண்டும் மீண்டும் கதிருக்கு உட்படுத்தியதால் புற்றுநோய்க்கு உள்ளாகி, பல சத்திர சிகிச்சைகளில் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928 இல் உயிர் துறந்தார். இன்றும் சில இடங்களில் நோயாளியின் வாயில் படச்சுருளைத் தமது விரலால் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர்களைக் காண முடிகின்றது. எவரேனும் அவ்வாறு பிடிக்கும்படி பணித்தால் மறுக்க வேண்டும் என்பதைக் கற்பிக்காத பயிற்சி முழுமையான பயிற்சியன்று.

நியூசிலாந்திலிருந்து மஹரகமைக்கு

இலங்கையைப் பொறுத்தவரை, பல் வைத்தியர் அல்லாத ஒருவரைப் பற்சுகாதாரப் பணிக்குப் பயிற்றுவிக்கும் மரபு புதியதன்று. முதலாம் உலகப் போருக்குப் படை திரட்டியபோது இளைஞர்களின் பற்கள் இருந்த மோசமான நிலையைக் கண்டு அதிர்ச்சியுற்ற நியூசிலாந்து, தோமஸ் ஹன்டரின் முயற்சியால் 1921 இல் வெலிங்டன் நகரில் பாடசாலைப் பல் தாதியருக்கான பயிற்சியை ஆரம்பித்தது. பல் வைத்தியர்களில் ஒரு சாரார் இதனை எதிர்த்தனர். ஆயினும் இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் பாடசாலை தோறும் சென்று சிறுவர்களின் பற்களைப் பாதுகாக்க முடியும் என்பதை அத்திட்டம் நிரூபித்தது. பின்னர் பல நாடுகள் அதனைப் பின்பற்றின.

1950 இல் கொழும்பில் நடைபெற்ற பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்கள் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியுடன் அந்தப் பத்தாண்டுகளிலேயே மஹரகமையில் பல் தாதியர் பயிற்சிப் பாடசாலை அமைக்கப்பட்டது. அன்று பல் தாதியர் எனப்பட்டோர் இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என அழைக்கப்படுகின்றனர். பாடசாலை வளவிலேயே சிகிச்சை, கட்டணம் இல்லை, பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்ற மூன்று காரணங்களால் இத்திட்டம் வறிய குடும்பங்களுக்குப் பேருதவியாக அமைந்தது. ஆறு வயதளவில் முளைக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பாற்பல் என்றெண்ணிக் கைவிடும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். அப்பல்லைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் இந்தப் பாடசாலைச் சிகிச்சையாளர்களே.

எனினும் இச்சேவை நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே அளவில் சென்றடையவில்லை. நகரப் பாடசாலை ஒன்றில் சிகிச்சை நிலையமும் சிகிச்சையாளரும் இருக்க, தோட்டப்புறப் பாடசாலைப் பிள்ளை பல்லுக்கொதியுடன் பல மைல் தூரம் பயணிக்க வேண்டியுள்ளது. இதற்கான காரணம் ஆட்சேர்ப்பிலேயே தொடங்குகின்றது. இப்பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களைக் கற்றவர்களே தெரிவு செய்யப்படுகின்றனர். மலையகத்தில் தமிழ் மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் எத்துணை குறைவு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து விஞ்ஞான மாணவர் வருவதில்லை. விஞ்ஞான மாணவர் இல்லாத பிரதேசத்திலிருந்து பற்சிகிச்சையாளரும் வருவதில்லை. வெளிமாவட்டத்திலிருந்து நியமிக்கப்படுபவரோ இடமாற்றம் பெற்றுச் செல்வதிலேயே குறியாக இருப்பார். இறுதியில் பாதிக்கப்படுவது பிள்ளையே.

மொழி ஒரு கருவி

பற்சிகிச்சையில் மொழி என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விடயம் மாத்திரமன்று. அது நோயை இனங்காணும் ஒரு கருவி. குளிர்நீர் பட்டவுடன் கூசி, உடனே அடங்கிவிடும் பல்லுக்கும், இரவில் தானாகவே குத்தத் தொடங்கி விடியும்வரை நீடிக்கும் பல்லுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னையதைப் பெரும்பாலும் அடைத்துக் காப்பாற்றலாம். பின்னையது பல்லின் உள்நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி. 'கூசுது', 'விறைக்குது', 'குத்துது', 'கொதிக்குது', 'முரசு வீங்கிக் கிடக்குது' என்று நமது மக்கள் கூறும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. இவை அனைத்தையும் 'வலி' என்ற ஒரே சொல்லாக மொழிபெயர்த்தால், வைத்தியருக்கு உதவக்கூடிய தகவல் அங்கேயே அழிந்துவிடுகின்றது.

1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள மொழி சிகிச்சை நாற்காலி வரை வந்து சேரவில்லை என்பதே நமது அனுபவம். பெருந்தோட்டப் பகுதியிலோ சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்களிலோ வாழும் தமிழரும் முஸ்லிம்களும், தமக்கு என்ன செய்யப்படப் போகின்றது என்பதை விளங்கிக் கொள்ளாமலேயே வாயைத் திறக்கின்றனர். நீரிழிவு உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கின்றீர்களா, பெனிசிலின் ஒவ்வாதா என்ற வினாக்கள் விளங்காமல் தலையாட்டப்படும்போது உயிராபத்துக் கூட நேரலாம். இரு மொழிகளையும் அறிந்த ஓர் உதவியாளர் இந்த இடைவெளியை நிரப்ப முடியும்.

பயிற்சியின் மொழி பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. பெரும்பாலான சுகாதாரத் தொழிற்பயிற்சிகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகின்றன. விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் கூற முடியாது என்று சிலர் சமாதானம் கூறுவர். 1847 இல் இலங்கை வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களிலேயே தமிழ் மொழி மூலம் மேற்கத்திய மருத்துவத்தைக் கற்பித்தவர். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர், கலைச்சொற்களை ஆக்கியவர். மின்விளக்குக் கூட இல்லாத காலத்தில் மருத்துவர்களையே தமிழில் உருவாக்க முடிந்ததென்றால், இன்று உதவியாளர்களை உருவாக்க முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று. அதேவேளை, மருந்துப் பெயர்களையும் கருவிப் பெயர்களையும் ஆங்கிலத்தில் அறிந்திருப்பதும், சிங்களத்தில் உரையாடப் பழகுவதும் தொழிலுக்கு அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. கற்பிக்கும் மொழி தமிழாக இருக்கட்டும். கற்றுக்கொள்ளும் மொழிகள் மூன்றாக இருக்கட்டும்.

வெற்றிலைத் தட்டமும் வாய்ப் புற்றுநோயும்

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்ற முதுமொழியும், மிஸ்வாக் குச்சியினால் பல் துலக்கும் நபிவழியும் நமது இரு சமூகங்களும் வாய்ச் சுத்தத்துக்கு அளித்த முக்கியத்துவத்தைக் காட்டுகின்றன. ஆனால் அதே சமூகங்களில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் விருந்தோம்பலின் அடையாளமாகவும், உழைப்பவரின் பசியை மறக்கச் செய்யும் துணையாகவும் நிலைத்துள்ளன. இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிலை வகிக்கின்றது. புகையிலையை நீக்கிவிட்டுப் பாக்கை மட்டும் மென்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் தவறானது. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதைச் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது.

வாய்ப் புற்றுநோய் திடீரெனத் தோன்றுவதன்று. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமாகவோ, ஆறாத புண்ணாகவோ, வாயை அகலத் திறக்க முடியாத இறுக்கமாகவோ அது முன்னறிவித்தல் தருகின்றது. இவற்றை முற்கூட்டியே கண்டறிய வைத்தியர்தான் வேண்டும் என்பதில்லை. இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பரிசோதிக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 1984 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியாகியது. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் சந்தேகத்துக்குரிய மாற்றங்களை இனங்கண்டு வைத்தியரிடம் அனுப்பக் கூடியவர்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. உலகுக்கு வழிகாட்டிய அந்த அனுபவம் நமது தோட்டங்களிலும் கரையோரக் கிராமங்களிலும் தொடர்ச்சியான ஒரு சேவையாக வேரூன்றியிருக்க வேண்டும். தமிழ் பேசும் உதவியாளர்கள் நன்கு பயிற்றப்பட்டால், அவர்கள் இப்பணிக்கும் பயன்படுவர்.

பிரதேசத்துக்குப் பிரதேசம் பிரச்சினைகள் வேறுபடுகின்றன என்பதையும் பாடவிதானம் கவனத்திற் கொள்ள வேண்டும். உலர் வலயத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டின் அளவு மிகுதி. அங்கு பிள்ளைகளின் பற்களில் காணப்படும் வெண்புள்ளிகளும் கபில நிறக் கறைகளும் பல் துலக்காமையின் விளைவல்ல. இதனை அறியாத உதவியாளர் பிள்ளையைக் கடிந்துகொள்வார்; அறிந்தவர் குடிநீரைப் பற்றி விசாரிப்பார்.

சான்றிதழின் பெறுமதி

இனித் தனியார் பயிற்சி நிலையங்களைப் பற்றிப் பார்ப்போம். இவை அனைத்தும் ஏமாற்று நிலையங்கள் எனக் கூறுவது நியாயமாகாது. நல்ல முறையில் இயங்குவனவும் உள்ளன. ஆனால் சிகிச்சை நாற்காலியோ ஓட்டோகிளேவோ இல்லாத மாடி அறையில், குறிப்புகளை எழுதச் செய்து, பட்டமளிப்பு ஆடையுடன் புகைப்படம் பிடித்து அனுப்பிவிடும் நிலையங்களும் உள்ளன என்பது பாதிக்கப்பட்டோரின் முறைப்பாடுகளிலிருந்து தெரிய வருகின்றது. அத்தகைய பிள்ளை வேலைக்குச் செல்லும்போது, சான்றிதழ் இல்லாமல் வந்தவருக்கு வழங்கப்படும் அதே சம்பளமே வழங்கப்படுகின்றது. எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து வைத்தியரிடமே கற்க வேண்டியும் உள்ளது.

1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். இங்கு பெற்றோர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது ஒன்று; குறிப்பிட்ட பயிற்சி நெறி தரம் கணிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. கணினிப் பயிற்சிக்காகப் பதிவு பெற்ற நிலையம் அப்பதிவு இலக்கத்தையே பற்சிகிச்சைப் பயிற்சியின் விளம்பரத்திலும் அச்சிடலாம். எனவே, 'பதிவு உண்டா?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'இந்த நெறிக்கு அங்கீகாரம் உண்டா, இது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கு இட்டுச் செல்லுமா, எந்த மட்டம்?' என்று கேட்க வேண்டும். தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பு ஏழு மட்டங்களைக் கொண்டது. ஒரு மட்டத்தைப் பூர்த்தி செய்தவர் அடுத்ததற்குச் செல்ல வழியுண்டு. வெறும் நிலையச் சான்றிதழுக்கு அந்த வழி இல்லை.

பயிற்சியின் எத்தனை மணித்தியாலங்கள் உண்மையான சிகிச்சை நிலையத்தில் கழியும், கற்பிப்பவர் பதிவு பெற்ற பல் வைத்தியரா, ஊசி குத்தினால் செய்ய வேண்டியவை கற்பிக்கப்படுமா என்பனவும் கட்டணம் செலுத்துவதற்கு முன் கேட்கப்பட வேண்டியவை. பதில் கூறத் தயங்கும் நிலையத்தை விட்டு எழுந்து வருவதே நன்று.

வேலைத்தளத்திலும் உரிமைகள் உள்ளன. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழில்கொள்வோர் 12 சதவீதத்தையும் ஊழியர் 8 சதவீதத்தையும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஒரே ஒருவர் பணிபுரியும் சிறிய சிகிச்சை நிலையமாயினும் இதிலிருந்து விலக்கில்லை. ஆயினும் நியமனக் கடிதமே இல்லாமல் மாலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை பணியாற்றும் யுவதிகளை நமது நகரங்களில் காணலாம். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்வதற்கான 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பற்சிகிச்சை நிலையங்களும் மேற்பார்வைக்கு உட்பட்டவை. கட்டடத்தையும் கருவிகளையும் பார்ப்பது போன்று, அங்குள்ள உதவியாளரின் பயிற்சியையும் பணி நிலைமையையும் பார்ப்பது அவசியம்.

பயிற்சி பெற்றவர்களும் ஓர் எல்லையை மறந்துவிடலாகாது. சில வருடங்கள் வைத்தியரின் அருகில் நின்றவுடன் தாமே பல்லைப் பிடுங்கவும் அடைக்கவும் துணிவோர் உள்ளனர். அது மருத்துவக் கட்டளைச் சட்டத்துக்கு முரணானது என்பதோடு, நம்பி வரும் வறிய மக்களுக்கு இழைக்கும் துரோகமுமாகும்.

கடல் கடந்த கனவு

2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வீழ்ந்ததைத் தொடர்ந்து, வைத்தியர்கள் முதல் சாதாரண ஊழியர் வரை பலர் நாட்டை விட்டு வெளியேறினர். இளையோர் வெளிநாடு செல்ல விரும்புவதில் நாம் குற்றம் காணவில்லை. ஆனால் உண்மை நிலை அறியப்பட வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2008 முதல் பல் தாதியர் எனப்படும் உதவியாளர்கள் பொதுப் பல் மருத்துவப் பேரவையில் பதிவு செய்தே பணிபுரிய முடியும். வளைகுடா நாடுகள் பலவற்றில், சுகாதாரத் துறையில் உரிமம் கோருவோரின் சான்றிதழ், அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாக விசாரிக்கப்பட்டு உறுதி செய்யப்படுகின்றது. அங்கீகாரமற்ற நிலையத்தின் தங்க முத்திரை பதித்த தாளுக்கு அங்கு மதிப்பில்லை. சான்றிதழ் ஏற்கப்படாத யுவதி எந்த வேலைக்கு அனுப்பப்படுவார் என்பதைப் பல குடும்பங்கள் கசப்பான அனுபவத்தின் மூலம் அறிந்துள்ளன.

செய்ய வேண்டியவை

இந்நிலை மாற்ற முடியாததன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலைகள் உள்ளன. பேராதனையில் பல் மருத்துவ பீடமும் அதனுடன் இணைந்த வைத்தியசாலையும் உள்ளன. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனியின் உதவியுடன் 2016 இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிறுவனம், தரமான தொழிற்கல்வியை நமது பிரதேசங்களுக்கும் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று. ஹட்டனிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களை அருகிலுள்ள அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளுடன் இணைத்தால், புதிய கட்டடம் எதுவுமின்றியே தமிழ் மொழி மூலமான பயிற்சி நெறியொன்றை ஆரம்பிக்கலாம். வகுப்பறைப் பாடம் நிலையத்திலும், செய்முறைப் பயிற்சி வைத்தியசாலையிலும் நடைபெறலாம்.

பல வருடங்களாக இத்தொழிலில் ஈடுபட்டு, கையில் சான்றிதழ் எதுவும் இல்லாதவர்கள் புறக்கணிக்கப்படலாகாது. முன்னர் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பில் இடம்பெற்றுள்ளது. அதனைப் பற்றிய விளக்கம் தமிழில் அவர்களைச் சென்றடைய வேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பதவிக்கான ஆட்சேர்ப்பில் சேவை குறைந்த மாவட்டங்களுக்கு முன்னுரிமை வழங்கவும், தெரிவானவர் குறிப்பிட்ட காலம் தமது மாவட்டத்திலேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கவும் சுகாதார அமைச்சு ஆவன செய்ய வேண்டும். மலையகப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களை வழங்காமல் இவை எதுவும் நிலைக்கப் போவதில்லை என்பதைக் கல்வி அமைச்சும் உணர வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய அறங்காவலர் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் புலமைப்பரிசில்களை வழங்குகின்றன. பல்கலைக்கழகம் செல்வோருக்கு மட்டுமன்றி, அங்கீகாரம் பெற்ற தொழிற்பயிற்சி நெறியில் சேரும் வறிய பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டால், அடகுக் கடைக்குச் செல்லும் நகைகளில் சில வீட்டிலேயே இருக்கும்.

உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய் சார்ந்த நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டது. இப்பெரும் சுமையை வைத்தியர்களால் மட்டும் தாங்க முடியாது என்பதை இந்நாடு 1950களிலேயே உணர்ந்து, மஹரகமையில் அதற்கான பாடசாலையையும் அமைத்தது. அன்றிருந்த தூரநோக்கு இன்று விளம்பரச் சுவரொட்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளமை கவலைக்குரியது. வேலை தேடும் நமது யுவதிக்கு மதிப்புள்ள தகைமையும், பல்லுக்கொதியால் பாடசாலைக்கு வராமல் வீட்டில் முடங்கும் தோட்டப் பிள்ளைக்குத் தன் மொழியில் பேசும் ஒருவரின் உதவியும் ஒரே திட்டத்தின் மூலம் கிடைக்கக் கூடியவை. சம்பந்தப்பட்ட இரு அமைச்சுகளும் மாகாண நிர்வாகங்களும் நமது மக்கள் பிரதிநிதிகளும் இதனை ஒரு சிறு விடயம் என ஒதுக்கிவிடாது, அடுத்த பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாவதற்கு முன்னராவது கவனத்தில் எடுப்பார்களா?